வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க சார்

ஒரு மாணவன் என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை அன்று சாயங்காலமே அவன் அப்பாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். வீட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டிருந்தான். சொல்லமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். இத்தனை வருட வேலையில் வினாத்தாளில் தவறு விட்டிருக்கிறேன், விடைத்தாள் கூட்டலில் பிசகியிருக்கிறேன். அவற்றைத் திருத்த வழி இருந்தது. இதைத் திருத்த வழியில்லை. இத்தனை காலம் கழித்து இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவியின் மரணம் குறித்த வழக்கில், 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஒரு மனநல ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும், உதவி எண்களை வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பவை அதில் அடக்கம். அதன் பிறகு கல்லூரிகளில் குழுக்கள் அமைக்கிறார்கள். என் வயதுடைய ஆசிரியர்களைத்தான் அந்தக் குழுக்களில் உட்கார வைப்பார்கள். அப்படி உட்காரப் போகிறவர்கள் நான் செய்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது 2018. எங்கள் கல்லூரியிலும் மற்ற கல்லூரிகளைப் போலவே மென்டர் முறை இருந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது மாணவர்கள். படிப்பில் சிக்கல், மனதில் சிக்கல், எதுவானாலும் அந்த மாணவன் முதலில் வந்து பேச வேண்டிய ஆள் அவனுடைய மென்டர். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு, ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் கேட்கும். கேட்பதன் நோக்கம் நல்லது. அந்தக் கணக்கை நாங்கள் எப்படிக் காட்டினோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவன் பெயரிலும் ஒரு மென்டர் டைரி உண்டு. மாதம் ஒருமுறை அவனோடு உட்கார்ந்து பேசி, பேசியதை அதில் எழுத வேண்டும். நாக் குழு வரும் தேதி தெரிந்ததும் நான் அந்த டைரிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், நடக்காத சந்திப்புகளை நடந்ததாக எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். மாணவர்களைக் கூப்பிட்டு, பின்தேதிகளுக்கு நேராகக் கையெழுத்து வாங்கினேன். அவர்களும் எதுவும் கேட்காமல் போட்டார்கள். தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசிரியர் தங்களோடு பேசினார் என்ற பொய்க்கு அவர்களையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன்.

இந்த மாணவன் அந்த இருபது பேரில் ஒருவன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். இங்கே மடிவாளாவில் ஒரு பிஜி விடுதியில் வகுப்புத் தோழன் ஒருவனோடு அறையைப் பகிர்ந்திருந்தான். அக்கறையினால் நான் அவனைக் கூப்பிடவில்லை. எங்கள் பல்கலைக்கழகமான விடியுவின் விதிப்படி 85 சதவீத வருகை வேண்டும். அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ் பட்டியலில் அவன் பெயர் வந்தது. பட்டியலில் வந்தவர்களைக் கூப்பிட்டு எச்சரிக்கச் சொன்னார்கள், கூப்பிட்டேன்.

அவன் வந்து நின்றான். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தமிழில் சொன்னான்: "தூக்கமே வரல சார். ரெண்டு மாசமா இப்படித்தான். காலைல எந்திரிச்சு பஸ் ஏறுறேன். சில்க் போர்டு வந்தவுடனே இறங்கிடுறேன். ஏன் இறங்குறேன்னு எனக்கே தெரியல. திரும்ப ரூமுக்குப் போய்ப் படுத்துக்குவேன். புத்தகத்தத் தொறந்தா எழுத்து மனசுல நிக்க மாட்டேங்குது."

ஆபீஸ் பக்கத்தில் ஒரு கவுன்சிலர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறாரே, அவரிடம் போகலாமே என்றேன். "அங்க இங்கிலீஷ்ல சொல்லணும் சார். இதெல்லாம் எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வராது. நீங்க தமிழ்ங்கறதாலதான் சொல்றேன்" என்றான். பிறகுதான் அந்த வேண்டுகோள்: "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க சார். அப்பாவுக்குத் தாங்காது."

இந்த ஊரில் தமிழ் பேசும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளும் அப்படியே. ஓசூரைத் தாண்டினால் வேறு மாநிலம் என்பது அப்பா அம்மாவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊர். பிள்ளைக்கு மட்டும் அந்தத் தூரம் தெரியும். வகுப்பில் ஆங்கிலம், கடையில் கன்னடம், பிஜியில் இந்தி. மனதுக்குள் இருப்பதைச் சொல்ல மட்டும் தமிழ் வேண்டியிருந்தது அவனுக்கு. அந்தத் தமிழுக்காக என்னிடம் வந்தான்.

நான் என்ன செய்தேன்? அறிவுரை சொன்னேன். நான் சைக்கிளில் எட்டு கிலோமீட்டர் மிதித்துப் போய்ப் படித்த கதையைச் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனைத் தொடாதே என்றேன். காலையில் வாக்கிங் போ, தியானம் செய், தயிர் சாதம் சாப்பிடு என்றேன். ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" என்றான். அவன் சரி சார் என்றதை, நான் சொன்னது அவனுக்கு உதவுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அவன் பேசிய நேரத்தைவிட நான் பேசிய நேரம் பல மடங்கு அதிகம்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கவே பிடிக்காத மாதிரி நினைப்பு வருகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயந்தேன். இது தவறான நம்பிக்கை. தற்கொலை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒரு கட்டுக்கதை என்றே பட்டியலிட்டிருக்கிறது. நேராக, நிதானமாகக் கேட்பது எண்ணத்தை விதைக்காது. உள்ளுக்குள் அடைத்து வைத்திருப்பவருக்குப் பேச ஒரு வழி கிடைக்கும். எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

அவன் போனதும் எனக்குள் பயம் வந்தது. இந்தப் பயத்தைத்தான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற பயம் கொஞ்சம். ஏதாவது ஆனால் நாளை என்னைக் கேட்பார்களே என்ற பயம் நிறைய. போனை எடுத்து, மாணவர் விவரப் படிவத்தில் இருந்த அப்பாவின் எண்ணை அழுத்தினேன். "உங்க பையன் மனசு சரியில்லாம இருக்கான், கிளாஸுக்கு வரதில்ல, வந்து பாருங்க" என்றேன். பேசி முடித்ததும் டைரியில் எழுதினேன்: மாணவனுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது, பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது. போன் செய்த மணியையும் நிமிஷத்தையும் எழுதி வைத்தேன். அந்த டைரியில் நான் உண்மையாக எழுதிய சில பதிவுகளில் அதுவும் ஒன்று. அதையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினேன்.

பெற்றோருக்குச் சொன்னது எப்படித் தப்பாகும் என்று வாசிக்கிறவர் கேட்கலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே தீர வேண்டும், அதில் இரண்டாவது கருத்து இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதன் 23-வது பிரிவில், சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருப்பதை அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும் விலக்குத் தருகிறது. அந்தச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, நான் போன் செய்ததற்குச் சில மாதங்களுக்கு முன்பு. சட்டம் மருத்துவத் துறையினரைத்தான் கட்டுப்படுத்தும், ஆசிரியரை அல்ல. ஆனால் அதிலுள்ள நியாயம் எனக்கும் பொருந்தும். ஆபத்து உண்டா இல்லையா என்று நான் கேட்டறியவே இல்லை. கேட்டிருந்து, ஆபத்து உண்டு என்று தெரிந்திருந்தால், "இதை நான் தனியாகச் சுமக்க முடியாது தம்பி, வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்குப் பரவாயில்லை, நீயும் கூட இருக்கும்போதே பேசலாமா" என்று அவனிடமே கேட்டிருக்கலாம். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள். அவளிடம் சொல்லச் சம்மதித்திருப்பான் என்று பின்னால் தெரிந்தது. ஆபத்து இல்லை என்றால் வாக்கைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இரண்டில் எதையும் நான் செய்யவில்லை. அவனுக்குத் தெரியாமல், முதுகுக்குப் பின்னால் செய்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். டிபார்ட்மென்ட் வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அப்பா கேட்டார்: "உனக்கு என்னடா கொறை வெச்சோம்?" அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சோறு புடிக்கலயா சாமி? பாதியா எளச்சுட்டியே" என்று அழுதார். இருவர் மேலும் குற்றமில்லை. பத்து நிமிஷ போனில் நான் கொடுத்த அரைகுறைச் செய்தியோடு ராத்திரி முழுதும் விழித்திருந்து ஓடி வந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? கிளம்பும்போது அப்பா என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் தமிழில் பேசவே இல்லை. எதைக் கேட்டாலும் "எஸ் சார்", "நோ சார்", "ஃபைன் சார்". ஒரு வாரம் ஒழுங்காக வகுப்புக்கு வந்தான். டைரியில் "முன்னேற்றம் தெரிகிறது" என்று எழுதினேன். அதன் பிறகு வரவே இல்லை.

அவனுடைய அறைத் தோழனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என் குற்றத்தின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

அவனும் என் வகுப்பு மாணவன்தான். சராசரியாகப் படிப்பவன், கடைசிப் பெஞ்சு. அந்த செமஸ்டரில் என் பாடத்தின் இரண்டாவது இன்டர்னல்ஸ் தேர்வுக்கு அவன் வரவில்லை. மறுநாள் வந்து மறுதேர்வு கேட்டான். காரணம் கேட்டேன். "ஒரு வேலை இருந்துச்சு சார்" என்றான். என்ன வேலை? "சொல்ல முடியாது சார்." மருத்துவச் சான்றிதழ் உண்டா? "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல சார்." எனக்குக் கோபம் வந்தது. ஊர் சுற்றிவிட்டு வந்து திமிராகப் பேசுகிறான் என்று நினைத்தேன். லேபில் எல்லோர் முன்னிலும் திட்டினேன். மறுதேர்வு கிடையாது என்றேன். பூஜ்யம் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போனான்.

செமஸ்டர் முடியும் தறுவாயில் முதல் மாணவனின் அப்பா போன் செய்தார். பையனுக்கு நிம்ஹான்ஸில் வைத்தியம் நடக்கிறது, மருந்து சாப்பிடுகிறான், இந்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். "கூட இருக்கற தம்பிதாங்க சார் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அது இல்லன்னா என் பையன் எனக்கு இல்ல சார்" என்றார். எந்த நாள் என்று கேட்டேன். என் இன்டர்னல்ஸ் நடந்த நாள்.

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே பஸ். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம் இருக்கும் ஊர் இது. 1847-இல் ஒரு மனநலக் காப்பகமாகத் தொடங்கிய மரபு, 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாகி, 1974-இல் இன்றைய பெயரையும் வடிவத்தையும் பெற்றது, 2012-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. ஆனால் சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரை எப்படிக் கிண்டலுக்குப் பயன்படுத்துகிறார்களோ அப்படித்தான் இங்கே நிம்ஹான்ஸ் என்ற பெயரையும். வகுப்பில் ஒருவன் உளறினால் "நிம்ஹான்ஸ்ல சேர்த்துடவா?" என்பேன். எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த இருவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். நான் கேலிப்பொருளாக்கிய அந்த வாசலுக்கு ஒரு இருபது வயதுப் பையன் தன் சிநேகிதனைக் காலையிலேயே எழுப்பிக் கூட்டிப்போய், வரிசையில் நின்று பதிவு செய்து, டாக்டர் கூப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி அவன் தூங்கும்வரை விழித்திருந்திருக்கிறான். இதெல்லாம் எத்தனை வாரங்களாக நடந்ததோ, தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிநேகிதன் விஷயத்தை வெளியே விடாமல் காக்க, தன் மதிப்பெண்ணை இழந்தான். நான் எதையும் இழக்காமல் அதே விஷயத்தை வெளியே விட்டேன்.

மதிப்பெண்கள் அதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. முதல்வரைப் பார்த்து, எழுதிக் கொடுத்து, திருத்த முயன்றிருக்கலாம். முயன்றால், ஏன் பூஜ்யம் போட்டாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து விட்டுவிட்டேன். அவன் அந்தப் பாடத்தில் தேறவில்லை, பின்னால் எழுதித் தேறினான். அவன் எப்படி இருக்கிறான், அவன் தூங்குகிறானா என்று யாராவது கேட்டார்களா? நான் கேட்கவில்லை. நண்பனைத் தாங்கிப் பிடிக்கும் பிள்ளையைத் தாங்க யாரும் இல்லாமல் போவதுதான் எங்கும் நடக்கிறது. இது இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம்.

இத்தனை நடந்தும் நான் மாறவில்லை. 2019-இல் எங்கள் கல்லூரியில் ஓர் இளம் பேராசிரியை ஒரு திட்டம் கொண்டுவந்தார். விருப்பமுள்ள மாணவர்களைத் தேர்ந்து, காதுகொடுத்துக் கேட்கவும், ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும், கவுன்சிலரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப்போகவும் பயிற்சி கொடுப்பது. மாணவர்களுக்கு மாணவர்களே துணை. கூட்டத்தில் எழுந்து முதலில் எதிர்த்தவன் நான். "குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதா? இது டாக்டர் வேலை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் வம்பு பேசுவார்கள், இரகசியம் நிற்காது" என்றேன். இரகசியத்தைப் பற்றி நான் பேசினேன். மூத்தவன் சொன்னதால் மற்றவர்களும் தலையசைத்தார்கள். திட்டம் நின்றுபோனது.

ஏன் எதிர்த்தேன் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அறைத் தோழன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. என்னால் முடியாததை, படிப்பில் என்னிடம் திட்டு வாங்கும் ஒரு பையன் செய்துவிட்டான். இன்னொன்றும் உண்டு. மாணவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால், எந்த ஆசிரியர் வகுப்பில் அவமானப்படுத்துகிறார், எந்த லேபுக்குப் போக வயிற்றைக் கலக்குகிறது என்பதும் பேச்சில் வரும். என் பெயரும் வரும்.

நான் சொன்ன வாதமும் பொய். டாக்டர் அல்லாதவர்கள் கேட்டால் பலனில்லை என்பதை வரலாறு வெகுநாளுக்கு முன்பே மறுத்துவிட்டது. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனம் உடைந்தவர்கள் தன்னை அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். தேடி வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், உதவிக்கு வந்த சாதாரண மனிதர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சிலேயே ஆறி, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் திரும்பிப் போனார்கள். அதைக் கவனித்தவர் பொறுப்பை அந்தத் தொண்டர்களிடமே கொடுத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். நம் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் பயிற்சி பெற்ற தொண்டர்களை நம்பித்தான் நடக்கிறது. தொடங்கியவர் மனநல மருத்துவர், கேட்பவர்கள் பல தொழில்களைச் செய்யும் சாதாரண மனிதர்கள். கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கு அவர்கள் தரும் ஆலோசனை பலன் தருகிறது என்று முறையான ஆய்வுகளில் காட்டினார்கள். ஜிம்பாப்வேயில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

இவை எல்லாவற்றிலும் மூன்று விஷயங்கள் பொதுவாக இருக்கின்றன. கேட்பவருக்குப் பயிற்சி உண்டு. தன்னால் முடியாததை யாரிடம் ஒப்படைப்பது என்று அவருக்குத் தெரியும். அவர் மனம் கனத்தால் இறக்கிவைக்க அவருக்கும் ஓர் ஆள் உண்டு. இவை இல்லாமல் மாணவர்கள் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு, கவுன்சிலரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எந்தக் கல்லூரியாவது நினைத்தால் அது அநியாயம். மடிவாளா அறையில் இருந்த பையனுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அன்பு மட்டும் இருந்தது. அவன் தாங்கியது அவன் பெருமை, தாங்கவிட்டது எங்கள் குற்றம்.

கொரோனா காலத்துக்குப் பிறகு நான் ஒரு பயிற்சிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானே கேட்டுப் போனேன். முதல் பயிற்சி எளிதாகத்தான் தெரிந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் கவலை ஒன்றைச் சொல்வார். மற்றவர் ஐந்து நிமிஷம் கேட்க வேண்டும். அறிவுரை கூடாது, தன் கதை கூடாது, "எல்லாம் சரியாயிடும்" கூடாது. எனக்கு வாய்த்தவர் வேறு கல்லூரி ஆசிரியை. தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "நீங்க ஒண்ணு செய்யுங்க மேடம்" என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். 2018-இல் என் முன்னால் நின்றவனும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறான். மறுபடி மறுபடி பழகித்தான் வாயை மூடக் கற்றேன். இப்போதும் முழுக்க வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். இந்தக் கணக்குகளைப் படிக்கும்போது முன்பெல்லாம் அரசாங்கத்தைக் குறை சொல்வேன். சிகிச்சைக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவில் நின்று வழியை மறிப்பவர்களில் நானும் ஒருவன் என்று இப்போது தெரிகிறது. முதல்முதலாக வாயைத் திறந்த பிள்ளைக்கு அந்த அனுபவம் கசந்துவிட்டால் இரண்டாவது முறை திறக்கப் பல வருடம் ஆகலாம்.

சென்ற வருடம் அந்த அறைத் தோழனை மெட்ரோவில் பார்த்தேன். நல்ல வேலையில் இருக்கிறான். அவனே வந்து வணக்கம் சொன்னான். பூஜ்யம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் போச்சு சார்" என்றான். சிநேகிதனும் வேறு கல்லூரியில் பட்டம் முடித்து வேலை பார்ப்பதாகச் சொன்னான். அவன் எண்ணைக் கொடு, ஒரு முறை பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். போன் அவன் கையிலேயே இருந்தது. "அவன்கிட்ட கேட்டுட்டுத் தரேன் சார்" என்றான். இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பினான்: "இப்ப வேண்டாம்னு சொல்றான் சார். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவன் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் என் நிம்மதிக்காக அவனை இன்னொரு முறை பயன்படுத்துவதுதான்.

எங்கள் கல்லூரியில் மாணவர் துணைக் குழு இந்த வருடம் தொடங்கியிருக்கிறது. 2019-இல் நான் நிறுத்தியது. அன்று அதைக் கொண்டுவந்த பேராசிரியை இப்போது எங்கள் கல்லூரியில் இல்லை. தொடக்கக் கூட்டத்தில், இத்தனை வருடம் தாமதமானதற்கு நானும் காரணம் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளில் ஒருவர் வந்து வாயைத் திறந்தால், அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். உயிரைப் பற்றி நேராகக் கேளுங்கள். ஆபத்து என்றால் தனியே விடாதீர்கள், யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். ஆபத்து இல்லையென்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நிம்ஹான்ஸின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்யாதீர்கள். பெற்றோர்களே, ஆசிரியரிடமிருந்து அப்படி ஒரு போன் வந்தால், வந்து முதலில் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள், கேள்வியெல்லாம் அப்புறம்.

சிநேகிதனுக்காக விழித்திருக்கும் மாணவர்களே, நீங்கள் செய்வது பெரிய காரியம். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். அவனுக்காகவும் நீங்கள் கூப்பிடலாம், உங்களுக்காகவும் கூப்பிடலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கி, நிம்ஹான்ஸை முதன்மை மையமாகக் கொண்டு நடக்கும் டெலி மனாஸ் சேவையின் எண் 14416. பகலும் இரவும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.